கொடியில் ரூல்ஸ் அண்ணன் லுங்கி

போர்ட் பிளேரில் கடலுக்குப் பயப்படாத வீட்டுக்காரர்கூட இருக்கலாம். எங்கள் ரூல்ஸ் அண்ணனுக்குப் பயப்படாத வீட்டுக்காரர் கிடையாது.

ஜங்லிகாட்டில் எங்களுடையது ஐந்து குடித்தனம், ஒரே குளியலறை, ஒரே தண்ணீர்த் தொட்டி. கடைசி அறையில் அண்ணன். தூத்துக்குடிக்காரர், கப்பல் பட்டறை வெல்டர், தனிக்கட்டை. சட்டம் எதையும் படித்தவராகத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் மட்டும், "ரூல்ஸ் இருக்குல்லா!"

எங்களைக் கிளப்பிவிட்டு டூரிஸ்ட்டுகளுக்கு அறை விட வீட்டுக்காரருக்கு ஆசை. வாடகை கேட்கும்போது தேனாகத் தமிழ் பேசுபவர், அந்தப் பேச்சுக்கு மட்டும் இந்திக்குத் தாவிவிடுவார். "காலி கரோ!"

ஒருமுறை தண்ணீர் வால்வை மூடிவிட்டார். அண்ணன் சோப்பு டப்பாவும் துண்டுமாக எங்களையெல்லாம் ஆட்டோக்களில் அடைத்து, குட்வில் எஸ்டேட்டிலுள்ள அவர் வீட்டுக்கே கூட்டிப்போனார். உள்ளே அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னய்யா இது?"

"குளிக்க வந்திருக்கோம் அண்ணாச்சி. தண்ணி குடுக்கது உங்க பொறுப்புல்லா? மொதல்ல லேடீஸ் போகட்டும். நீங்க சம்பந்தம் பேசுங்க."

நாங்கள் திரும்புவதற்குள் வால்வு திறந்திருந்தது.

அடுத்த அஸ்திரம் பூட்டு. யாராவது மெயின்லேண்ட் போனால், திரும்பும்போது சாமான் வராந்தாவில், கதவில் வேறு பூட்டு. இதற்குப் பயந்தே அண்ணன் வருஷக்கணக்காக ஊர்ப்பக்கம் போகவில்லை. எனக்கோ போயே ஆகவேண்டும்; மனைவிக்குத் தலைப்பிரசவம். கைக்குழந்தையோடு வந்து எங்கே நிற்பது?

"சாவியக் குடுத்துட்டுப் போங்க தம்பி. ஆள் இருக்க வீட்டுல எவன் பூட்டு போடுவான்?"

திரும்பி வந்தோம். எங்கள் வீடு எங்கள் வீடாகவே இருந்தது. பக்கத்து அறை பெங்காலி அக்காதான் சிரிப்பை அடக்க முடியாமல் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் தினமும் என் சட்டையையும் மனைவியின் சேலையையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் தலை கேட்டில் தெரிந்தால் எங்கள் வீட்டுக்குள் புகுந்து, இரண்டு குரலில் சண்டை.

"சாம்பார்ல உப்பு எங்கடி?"

"நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன்!"

குடும்பச் சண்டையில் தலையிடக் கூடாது என்று வீட்டுக்காரர் நழுவிவிடுவாராம். என் மனைவிக்கு அந்த உப்பு விஷயத்தில் இன்னும் கோபம்தான்.

கண் ஆபரேஷனுக்காக அண்ணன் போன மாதம் கப்பலேறினார். சாவியை என்னிடம் தந்தபோது முதன்முறையாக அவர் ரூல்ஸ் எதுவும் பேசவில்லை.

தினமும் அவருடைய கட்டம் போட்ட லுங்கியைத் துவைத்துக் காயப்போடுகிறேன். வீட்டுக்காரர் வந்தால் அண்ணன் அறைக்குள் போய், "ரூல்ஸ் இருக்குல்லா!" என்று கத்துகிறேன். அந்தக் குரல் எனக்குச் சரியாக வரவில்லை. சீக்கிரம் வந்துருங்கண்ணே.