கோபாலின் மூக்கில் ஓர் ஈ

கோபாலின் மூக்கில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டது. நிஜமான மூக்காக இருந்தால் கோபாலே கையை வீசி விரட்டியிருப்பார். இது படத்து மூக்கு. நேற்றுச் சாயங்காலம் வரைந்து முடித்த எண்ணெய் வண்ணம், இன்னும் ஈரம் காயவில்லை. ரகுபதி தூரிகையின் காம்பால் ஈயை மெல்லத் தள்ளினார். ஈ வந்தது. கூடவே மூக்கு நுனியும் வந்துவிட்டது.

"சே!" என்று மூக்கை மறுபடி வரைந்தார். அது முடிவதற்குள் நெற்றியில் இரண்டு ஈ.

ஈக்களைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கோபால் வடக்குப்பட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். கொட்டகை வாசலை ஒட்டியே இருந்தது.

ரகுபதிக்கு மெட்ராஸில் ஆபீஸ் வேலை. வருஷம் பூராவும் சேர்த்து வைத்த லீவைப் போட்டுவிட்டு, வண்ணப் பெட்டியும் ஸ்டாண்டுமாக இங்கே வந்து இறங்கியிருந்தார். காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து படம் வரைவார். மத்தியானம் கோபாலின் மனைவி மீனம்மாள் வைக்கும் மீன் குழம்பு. அப்புறம் ஒரு தூக்கம். சாயங்காலம் மறுபடி படம். கேட்க ஆள் இல்லை, ஃபைல் இல்லை. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் குன்றத்தூரில் ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு கிடந்த ஐந்து பேரில் ரகுபதியும் கோபாலும் போக, நம்பிராஜன், கொம்பையா, மாரிராஜ் என்று மூன்று பேர் பாக்கி. மூவரும் தெற்கத்திக்காரர்கள். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கூப்பிடு தூரம்தான். ஐந்து பேரையும் ஏரிக்கரையில் உட்கார வைத்து ஒரு படம் வரைந்துவிட வேண்டும் என்பதற்காகவே ரகுபதி பெரிய கேன்வாஸ் ஒன்றைத் தனியாகச் சுமந்து வந்திருந்தார்.

போன் போட்டால் முதலில், "நாளைக்கு வந்துருதோம்" என்றார்கள். அப்புறம் ஷிஃப்ட் மாறிவிட்டது. அப்புறம் ஓ.டி. அப்புறம், "சூப்பர்வைசர் உச்சிமாகாளி லீவே தரமாட்டேங்காருடே. மூணு பேருக்கும் இந்த மாசம்தான் பெர்மனன்ட் ஆவுற நேரம். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார்கள். ரகுபதி பொறுத்துப் பொறுத்து, நாளைக் காலையில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிற நிலையும் வந்துவிட்டது. பெரிய கேன்வாஸ் வெள்ளையாகவே மூலையில் நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழகினதெல்லாம் அவ்வளவுதான், சிநேகிதமாவது ஒன்றாவது என்று வெறுத்துப் போயிருந்தார்.

கைக்கு அகப்பட்ட ஒரே சிநேகிதன் கோபால். அவரையும் உட்கார வைத்தால் இரண்டே நிமிஷத்தில் தூங்கிவிடுவார். அதனால் கண் மூடி, நெற்றி நிறைய விபூதியோடு, சாந்தமாக இருக்கும் கோபாலைத்தான் ரகுபதி வரைய முடிந்தது.

அந்தக் கோபாலும் மீனம்மாளும் குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். படத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்க ரகுபதி தலையில்.

உள்ளே வைத்தால் காயாது. காற்று வரட்டும் என்று வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, தெருவைப் பார்க்கப் படத்தைச் சாய்த்து வைத்தார். ஈ வராமலிருக்கப் புகை வேண்டும். சாமி அலமாரியிலிருந்து ஊதுபத்தியை எடுத்து ஒரு கொத்தாகக் கொளுத்தி, செருக ஒன்றும் கிடைக்காமல் வாழைப்பழத்தில் செருகிப் படத்தின் முன்னால் வைத்தார். சாமந்தி வாசனைக்கும் ஈ வராது என்று எப்போதோ கேட்ட ஞாபகம். கொல்லையில் பூத்திருந்ததைக் கை நிறையப் பறித்து வந்து படத்தின் காலடியில் பரப்பினார். ஓர் ஈ இல்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு உள்ளே போய்த் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

"ஐயோ கோபாலு! காத்தால கூட பால் ஊத்திக்கினு சிரிச்சுக்கினு போனியே! இப்பிடிப் பூட்டியே!"

ரகுபதி அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அம்மா, அழாதீங்க. கோபாலுக்கு ஒண்ணும் இல்லை. குன்றத்தூர் போயிருக்கான்."

"குன்றத்தூர் ஆஸ்பத்திரிலயா வச்சிக்கிறாங்க? எப்ப தூக்கியாருவாங்க?"

"யாரும் தூக்கிட்டு வரவேண்டாம், அவனே வருவான்!"

பாஞ்சாலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம், பிரண்டு போன அதிர்ச்சி. புத்தி பேதலிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, ஊருக்குச் சேதி சொல்ல ஓடினாள்.

இனி யார் கண்ணிலும் படக்கூடாது என்று ரகுபதி கொடியில் காய்ந்த வேட்டியை உருவி, ஈர வண்ணத்தில் ஒட்டாமல் படத்தை மூடினார். வெள்ளை வேட்டி. அதுவரைக்கும் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தவர்கள்கூட இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்கள். பதறிப்போய் வேட்டியோடு படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"உள்ள எட்னு பூட்டாரு. குளிப்பாட்டப் போறாங்க போல" என்றது வாசலில் ஒரு குரல்.

அடுத்து வந்தான் இனியவன். ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். யாரும் கூப்பிடாமலேயே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி வந்து கம்பு நட ஆரம்பித்துவிட்டான்.

"யாருப்பா உன்னை வரச் சொன்னது? முதல்ல எடுத்துட்டுப் போ!"

"இன்னா சார் இப்பிடி சொல்றீங்க? கோபாலண்ணன் என் பொண்ணு சடங்குக்குப் பாலு சும்மா குடுத்தவரு. இதுகூட செய்யலன்னா நான் மனுசனா? நீங்க ஒக்காருங்க."

"யோவ், அவன் உயிரோட இருக்கான்யா!"

இரண்டு பேர் ஓடிவந்து ரகுபதியின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். ஒருவர் தலையில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சோடாவை வாயில் புகட்டினார். இனி வாயைத் திறந்தால் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று ரகுபதிக்குப் புரிந்துவிட்டது. சோடாவை மரியாதையாகக் குடித்தார்.

அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. இந்தச் சேதி ஒரகடத்துக்குப் போய், அந்த மூன்று பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால்? ரோட்டில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால்? கோபம் எங்கோ போய்விட்டது. நைசாக நழுவி, பஸ் ஸ்டாப் போன் பூத்துக்கு ஓடினார்.

கம்பெனி டைம் ஆபீஸில் எடுத்தவர் சொன்னார். "நம்பிராஜன், கொம்பையா, மாரிராஜா? அவங்க அப்பவே பஸ் பிடிக்கப் போயிட்டாங்களே சார். வடக்குப்பட்டுல யாரோ சிநேகிதர் தவறிட்டாராம்."

போச்சு! ஊர்ச் சேதி இவ்வளவு வேகமாகவா போகும்?

"அது வந்து... சாவு இல்லைன்னு தெரிஞ்சா என்னங்க ஆகும்?"

"வேலை காலி. போன மாசம் ஒருத்தர் இல்லாத பெரியப்பாவைச் சாகடிச்சுட்டு லீவு வாங்கினாரு. உடனே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுலேர்ந்து சாவுன்னா சூப்பர்வைசரே மாலை வாங்கிட்டு நேர்ல போய்ப் பார்த்துட்டு வருவாரு. இப்பக்கூட அங்கதான் போயிட்டு இருக்காரு. ஏன் சார்?"

"ஒண்ணும் இல்லை. பாடி எடுக்க நேரமாகும். மெதுவா வரச் சொல்லுங்க" என்று உளறிவிட்டுப் போனை வைத்தார். மூன்று பேரின் பெர்மனன்ட் வேலை, ஓர் ஈயை விரட்டப் போய் இப்படித் தன் கையால் போகிறதே என்று அழுகை முட்டியது.

திரும்பி ஓடிவந்தபோது, கோபால் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்தார். பின்னால் அர்ச்சனைக் கூடையோடு மீனம்மாள். பந்தலைப் பார்த்து கோபால் பதறிப்போய், "டேய் இனியா, யார்ரா போயிட்டது?" என்றார்.

"நீதாண்ணா" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, கையிலிருந்த நாற்காலியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான் இனியவன்.

விஷயம் விளங்கியதும் ஊரே சிரித்தது. கோபால் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணே, நீங்க நாளைக்கு ஊருக்குப் போறீங்கல்ல? நல்லபடியா போய்ச் சேருங்க" என்றாள்.

ரகுபதி கோபாலின் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்காதடா. நீ செத்துட்டன்னு சொல்லி அவனுங்க மூணு பேரும் லீவு எடுத்துட்டானுங்க. சூப்பர்வைசர் சோதிக்க வந்துட்டு இருக்கான். நீ உயிரோட இருந்தா அவனுங்களுக்கு வேலை போயிடும்."

கோபாலின் சிரிப்பு நின்றது. "அதுக்கு நான் இன்னாடா பண்றது?"

தெருமுனையில் ஒரு புல்லட் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவரின் மீசை தூரத்திலேயே தெரிந்தது. ஹேண்டில்பாரில் வாழையிலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை.

"படு!" என்றார் ரகுபதி.

கோபால் பந்தலில் கிடந்த பெஞ்சில் படுத்தார். ரகுபதி ஒரு வேட்டியை எடுத்துக் கழுத்துவரை போர்த்தினார். "எல்லாரும் உக்காருங்க! பாஞ்சாலியம்மா, அழுங்க!"

"இப்பதானே சாமி அவ்ளோ நேரம் அழுதேன்? அது வேஸ்ட்டா?"

"இன்னொரு தடவை, புண்ணியமாப் போவும்!"

மீனம்மாள், "உசுரே போனாலும் நான் அழமாட்டேன்" என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாஞ்சாலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். முதல் தடவையைவிட இது இன்னும் நன்றாக இருந்தது. இனியவன் காலில் அடிபட்ட வலியில் நிஜமாகவே அழுதான்.

உச்சிமாகாளி வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, மாலையைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். திருப்திப்பட்ட மாதிரி தலையை ஆட்டினார்.

"நம்ம பயலுவ மூணு பேரும் இன்னும் வரலியோ?"

"வந்துகிட்டே இருக்காங்க சார்" என்று ரகுபதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாவம், துடிச்சுப் போயிட்டானுவ. 'அவன் வந்து இத்தனை நாளாச்சு, ஒரு நாள் போயி முகத்தைப் பார்க்கலியே'ன்னு கொம்பையா குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. நாளைக்கு மெட்ராஸுக்குக் கொண்டு போயிருவியளாமே?"

கோபாலை எதற்கு மெட்ராஸுக்குக் கொண்டு போவது என்று ரகுபதிக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்கிற நேரமா இது? "ஆமா சார், காலையில கொண்டு போயிடுவோம்."

பெஞ்சிலிருந்து மெல்லிய குறட்டை கிளம்பியது. படுத்த ஆள் தூங்கிவிட்டார். பாஞ்சாலி சட்டென்று சுருதியை ஏற்றினாள். ரகுபதியும் தன் பங்குக்கு, "ஐயோ கோபால்! உன்னோட ஒரு அறையில படுத்தவன், இன்னைக்கு உனக்கு மாலை வாங்கி வைக்கிற நிலைமை வந்துடுச்சே!" என்று ஓங்கி அழுதார். பாதிக்கு மேல் அது நடிப்பாக இல்லை. மூலையில் வெள்ளையாக நின்ற கேன்வாஸும் இத்தனை நாளும் வராத அந்த மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்து, கண்ணீர் தானாகவே கொட்டியது.

உச்சிமாகாளி பெஞ்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கோபாலா? அது இந்த வீட்டுக்காரர் பேருல்லா? நீங்க யாரு?"

"நான் ரகுபதி சார். பழைய சிநேகிதன். மெட்ராஸ்லேர்ந்து படம் வரைய வந்தேன்."

உச்சிமாகாளியின் மீசை மெல்லத் துடித்தது. மாலையை விரித்துக்கொண்டு, பெஞ்சை விட்டு ரகுபதியின் பக்கம் நிதானமாகத் திரும்பினார்.

"அப்பம் கழுத்தைக் காட்டும். நீரு செத்துப் போயிட்டேருன்னு சொல்லித்தானவே மூணு பேரும் எங்கிட்ட லீவு வாங்கிட்டுப் போனானுவ!"