பந்தாய் மாமாவும் காலிக் கடலும்

மலேசியாவிலேயே கடற்கரைகளை முழுக்கத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர் கேமரன் மலைமேல் குடியிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. மீன் வாடை ஆகாது. ஆனாலும் எங்கள் ஊரான கோலா தெர்லா முழுக்க அவருக்குப் பெயர் பந்தாய் மாமா. பந்தாய் என்றால் மலாயில் கடற்கரை. அவருடைய சொந்தப் பெயரை அடையாள அட்டையில் பார்த்தவர்கள்கூட நம்பவில்லை.

மாமா எங்கள் முதலாளி தவுக்கேயின் முட்டைக்கோஸ் லோரியை ஓட்டினார். நான் அவருக்குக் கெலிண்டான், அதாவது மூட்டை இறக்கி, கயிறு கட்டி, கண்ணாடி துடைக்கிற ஆள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த சீட்டில் ஏறியவன். பயப்படுவது என் கூடுதல் வேலை. மண் சரியுமா, பிரேக் பிடிக்குமா, டயர் வெடிக்குமா என்று கம்போங் ராஜாவில் ஆரம்பித்தால் அடிவாரம் வரை ஓயமாட்டேன். மலையில் வண்டி எங்கே நின்றாலும் சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும். நான் வீட்டு வாசலில்கூட வைப்பேன்.

சரக்கைக் கடலோர லூமுட்டில் இறக்கிவிட்டுக் காலி லோரியோடு திரும்பும்போதுதான் மாமாவின் ஆட்டம் தொடங்கும். அங்கிருந்து பந்தாய் ரெமிஸ் வரைக்கும் உள்ள கொஞ்ச தூரத்துக் கரையில், செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் என்று யாரும் எட்டிப் பார்க்காத கடற்கரைகளாகத் தேடிப் பிடிப்பார். கடை கிடையாது, கக்கூஸ் கிடையாது, கைகாட்டிப் பலகை கிடையாது. பெயரெல்லாம் அவரே வைத்ததுதான்: மாட்டுப் பந்தாய், கொசுப் பந்தாய், ஒத்தச் செருப்புப் பந்தாய்.

"எல்லாரும் போற பந்தாய்க்குப் போனா என்ன மாமா?"

"அங்க கடலாடா இருக்கு? கோழிப் பொட்டலமும் குடையும்தான் இருக்கு லா!"

ஒருமுறை கொசுப் பந்தாயில் ஒரே ஒரு கிழவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். மாமா அப்படியே ரிவர்ஸ் எடுத்தார். "ஃபுல்லாயிடுச்சுடா."

இந்த மனிதரிடம்தான் என் அக்காவின் கதையை உளறிவிட்டேன். அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவள். அவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போல வீங்கிக் கருத்திருக்கும். வேலையில் ஆம்பிளை பூட்ஸ், வீட்டில் தரையைக் கூட்டுகிற நீளத்துக்குச் சாரோங். கோவில் பஸ் கடற்கரைக்குப் போனபோது எல்லாரும் அலையில் குதித்தார்கள். அக்கா மட்டும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருந்தாள். கடலில் ஒரு தடவை கால் வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. யாரும் பார்க்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை.

மாமா முன்னால் ஊர்ந்துபோன காரை முந்தக்கூட இல்லை. பிறகு, "அடுத்த லீவுல கூட்டிட்டு வா. ஒத்தச் செருப்புதான் சரி" என்றார்.

போனோம். ஈ, காக்கை இல்லை. கடல் எங்கேயோ தூரத்தில் கோடு போட்டாற்போலக் கிடந்தது. மாமா லோரியை நேராக மணலில் இறக்கினார். நான் கல் வைத்தேன்.

அக்கா இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "நீ போம்மா. நீயா கூப்பிடற வரைக்கும் நாங்க திரும்ப மாட்டோம்" என்று என் பிடரியைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பி உட்காரவைத்தார். செம்பனை மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பின்னால் அக்காவின் காலடி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்தார். மாமா துள்ளி எழுந்து ஓடிக் கையை விரித்து மறித்தார். "பெனோ, பாக்சிக்! பெனோ!" இடமில்லையாம். அத்தனை பெரிய வெற்று மணலில் இடமில்லையாம்.

பெரியவர் எங்களுக்குப் பின்னால் கை காட்டி, "லோரி! ஆயர் நாயிக்!" என்று கத்தினார்.

தண்ணீர் ஏறுகிறது. மலைக்காரர்களுக்கு ஆறு தெரியும், வெள்ளம் தெரியும். போன கடல் திரும்பி வரும் என்று எங்களுக்கு யார் சொன்னது?

"மாமா, அக்கா உள்ள இருக்கு! திரும்பட்டா?"

"திரும்பின, கழுத்தத் திருகிடுவேன்! வாக்குக் குடுத்திருக்கு."

"லோரி போயிடும் மாமா!"

"தவுக்கே லோரிதானடா?" என்றார். பின்னாலிருந்து சிலுசிலுவென்று தண்ணீர் வந்து எங்கள் செருப்பை நனைத்தது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயே, சீக்கிரம் கூப்பிடும்மா" என்று முணுமுணுத்தார்.

"டேய் கூமுட்டைங்களா! திரும்புங்கடா! லோரி முழுகுது!"

திரும்பினோம். அக்கா சாரோங்கை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, தண்ணீரை எத்திக்கொண்டு வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

பெரியவர் தன் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போன் போட்டார். டிராக்டர் வந்தது, பின்னாலேயே பாதிக் கம்பமும் வந்தது. "தட்டையா கெடக்கற மணல்ல எதுக்குடா கல்லு? கடல் உருண்டு ஓடிடும்னா?" என்று மாமா என்னைத் திட்ட, அத்தனை பேருக்கும் நடுவில் அக்கா சாரோங்கை இறக்காமலே நின்று, "இழு! இழு!" என்று கங்காணி மாதிரி அதட்டினாள். அந்தக் காலை யாரும் பார்க்கவில்லை. அல்லது எல்லாரும் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

இப்போது மாமா முட்டி தேய்ந்துபோய், திரிங்காப்பில் மகள் வீட்டில் இருக்கிறார். லோரியை நான் ஓட்டுகிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை எட்டிப் பார்ப்பேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஒத்தச் செருப்புல ஆள் இருக்காடா?"

அங்கே இளநீர்க் கடை வந்துவிட்டது. குடையும் கோழிப் பொட்டலமும்கூட வந்துவிட்டன.

"யாரும் இல்ல மாமா. உங்களுக்காகவே காலியா கெடக்கு" என்பேன். உலகத்தில் நான் பயப்படாமல் சொல்கிற பொய் அது ஒன்றுதான்.