பட்டம்மாளின் பெட்ரோல் ஆவியான கதை

ஒரு காட்டில் நடந்ததாக எனக்கு இதைச் சொன்னார்கள். நான் அந்தக் காட்டுக்குப் போனதில்லை. சொன்ன நண்பரும் போனதில்லை. ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கடையில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது அவர் காதில் விழுந்ததாம். பெயர்களில் தவறு இருக்கலாம். நடந்ததில் நான் எதையும் கூட்டவில்லை.

அந்தக் காட்டில் பட்டம்மாள் என்று ஒரு கோழி இருந்தாள். நல்லவள். கவலைப்படுவதில் மட்டும் அளவு தெரியாது. அடைக்கு உட்கார்ந்தால் முட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று எழுந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு உட்காருவாள். உட்கார்ந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி எழுவாள். இப்படி எழுந்து எழுந்து பார்த்ததில் சூடு ஆறிப்போய், போன மழைக்காலத்தில் ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை.

அதனால் தை பிறந்ததும் ஓர் இன்குபேட்டர் வாங்கினாள். முட்டையை உள்ளே வைத்து மூடினால் மின்சாரமே அடைகாத்துவிடும். வெளியே நின்று கண்ணாடி வழியாக எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். வாங்கிய அன்றே அடுத்த கவலை பிறந்தது. அது கடலோரக் காடு. ஐப்பசியில் புயல் வரும். புயல் வந்தால் கரண்ட் போகும். ஆகவே ஒரு சின்ன ஜெனரேட்டரும் வாங்கினாள். அடுத்த மழைக்காலம் வரை அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஜெனரேட்டரை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து மரத்தடியில் இருந்த கரடி ஆதிமூலத்திடம் போய்க் கேட்டாள். எதையும் முறையாகச் செய்பவர் என்று அவருக்குக் காடு முழுக்கப் பெயர். அவரிடம் பெரிய ஜெனரேட்டர் இருந்தது. அதற்கென்று தகரக் கொட்டகை போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டி, பெரிய பூட்டாகப் பார்த்துப் பூட்டியிருந்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மறுபடி பூட்டிவிடுவார்.

"டேங்க் எப்பவும் ரொம்பியிருக்கணும்மா," என்றார் ஆதிமூலம். "ஆபத்து சொல்லிட்டு வராது."

பட்டம்மாள் அப்படியே செய்தாள். டேங்கை நிரப்பினாள். பூட்டும் வாங்கினாள், ஆனால் சாவியைத் திருப்ப அலகு ஒத்துழைக்கவில்லை. ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டாள்.

அவள் மரத்தின் மேல்கிளையில் சிங்காரம் என்ற குரங்கு குடியிருந்தான். ஸ்கூட்டரில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. கம்பெனியில் தொப்பி கொடுத்தார்கள், முதுகுப் பை கொடுத்தார்கள், பெட்ரோல் மட்டும் கொடுக்கவில்லை. அதனால் மாதக் கடைசியில், பட்டம்மாள் இரை தேடப் போன மத்தியான வேளையில், அவன் கீழே இறங்கி வருவான்.

முதல் தடவை டேங்கில் டியூப் விட்டு வாயால் உறிஞ்சினான். ஒரு மடக்கு உள்ளே போய், அன்று முழுக்க விக்கல். அன்றைக்குப் பார்சல் வாங்கியவர்கள் சாம்பாரில் ஏதோ வாடை என்று புகார் செய்தார்களாம். பிறகு அவன் வேறு வழி கண்டுபிடித்தான். டேங்குக்குக் கீழே, எஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்பும் கார்புரேட்டர் இருக்கிறது. அதன் அடியில் ஒரு சின்னத் திருகாணி. பெட்ரோல் குழாயைத் திறந்து, திருகாணியைத் தளர்த்தி, அடியில் ஒரு கேனை வைத்தால் கடைசிச் சொட்டு வரைக்கும் தானாக இறங்கிவிடும். பிறகு திருகாணியை முடுக்கி, கீழே சிந்தியதைத் துடைத்து, புடவையை இருந்த மடிப்பிலேயே போர்த்திவிட்டுப் போவான். செய்யும் காரியத்தில் சுத்தம் வேண்டும் என்று நினைப்பவன்.

மாதம் பிறந்ததும் பட்டம்மாள் மூடியைத் திறந்து பார்த்தாள். டேங்க் காலி. பதறிப்போய் ஆதிமூலத்திடம் ஓடினாள்.

"பெட்ரோல்னா ஆவியாகத்தானே செய்யும்," என்றார் அவர். "உன் மரத்துல நிழல் கம்மி."

உங்களுடையது மட்டும் ஏன் ஆவியாகவில்லை என்று கேட்டாள்.

"நான்தான் பூட்டி வச்சிருக்கேனே."

அது நியாயமாகப் பட்டது. புதுப் பெட்ரோல் வாங்கி ஊற்றினாள். அடுத்த மாதமும் ஆவியானது. ஜெனரேட்டரை நிழலுக்கு நகர்த்தினாள், ஆவியானது. இன்னொரு புடவை போர்த்தினாள். அதையும் மீறி ஆவியானது. அவள் படும் பாட்டைப் பார்த்துச் சிங்காரத்துக்கே மனசு கேட்கவில்லை. கீழே வந்து, இந்த வருஷம் வெயில் கொஞ்சம் ஓவர்தான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

ஐப்பசி வந்தது. முட்டைகள் இன்குபேட்டருக்குள் போயின. ஓட்டுக்குள்ளிருந்து கீச்சு கீச்சென்று சத்தம் கேட்க ஆரம்பித்த நேரமாகப் பார்த்து, மாதக் கடைசியில் ஒரு காலையில் புயல் அடித்தது. கரண்ட் போனது.

பட்டம்மாள் புடவைகளை உருவி எறிந்து மூடியைத் திறந்தாள். சொட்டு இல்லை. பெட்ரோல் பங்க்குக்குப் போகும் வழியில் மரம் விழுந்து கிடந்தது. மழையில் நனைந்தபடி ஆதிமூலத்தின் கொட்டகைக்கு ஓடினாள்.

ஆதிமூலம் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். நிதானமாகப் பூட்டைத் திறந்தார், உறையை எடுத்தார், காய்ந்த மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் முட்டைப் பெட்டியையும் இங்கேயே கொண்டுவா, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஓட்டலாம் என்றார். கயிற்றை இழுத்தார். ஒரு செருமல்கூட இல்லை. மறுபடி இழுத்தார். மூச்சைப் பிடித்து இழுத்தார். கடைசியில் கயிறு மட்டும் கையோடு வந்துவிட்டது.

பெட்ரோலையாவது கொடுங்கள் என்று பட்டம்மாள் கேட்டாள். அவர் தாராளமாக ஒரு கேனில் பிடித்துக் கொடுத்தார். ஆறிப்போன டீ நிறத்தில், பழைய வார்னிஷ் வாடையோடு இருந்தது. பட்டம்மாளுக்கு எதிலும் சந்தேகம் வரும் அல்லவா? இதிலும் வந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள்.

இன்குபேட்டரில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. கீச்சுச் சத்தம் குறைந்துகொண்டிருந்தது. அவள் கண்ணாடி மூடியின் மேலேயே ஏறிச் சிறகை விரித்து அடைக்கு உட்கார்ந்தாள். இந்தத் தடவை எழுந்து பார்க்கவே இல்லை.

பார்சல் இல்லாததால் சிங்காரம் சீக்கிரமே ஈரத்தோடு திரும்பி வந்தான். என்னக்கா என்றான்.

"ஆவியாயிடுச்சுடா சிங்காரம்," என்றாள் பட்டம்மாள். "இந்த மழையிலகூட ஆவியாயிடுச்சு."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இது தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"ஆவியாகலக்கா. நான்தான் எடுத்தேன்."

"இந்த மாசமா?"

"எல்லா மாசமும்."

பட்டம்மாள் பறந்து வந்து அவன் மண்டையில் கொத்தினாள்.

"கொத்துங்கக்கா, வேணாங்கல. நீங்க கொத்திக்கிட்டே இருங்க, நான் வண்டியிலேருந்து எடுத்துடுறேன்," என்றான் சிங்காரம்.

அப்படியே நடந்தது. அவள் கொத்த, அவன் ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோலை இறக்கி ஜெனரேட்டரில் ஊற்றினான். மழையாக இருக்கிறதே, உள்ளே வைத்து ஓட்டலாம் என்றான். அதற்கு மட்டும் அவள் ஒப்பவில்லை. புகை உள்ளே நின்றால் குஞ்சும் மிஞ்சாது, கோழியும் மிஞ்சாது என்று சொல்லி, வெளியே தள்ளிவைத்து மேலே தகரத்தைச் சாய்க்கச் சொன்னாள். சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தான்.

முதல் இழுப்பிலேயே ஓடியது.

இருவரும் பயந்து பின்னால் நகர்ந்தார்கள். இன்குபேட்டரில் விளக்கு எரிந்தது. சிறிது நேரத்தில் கீச்சுச் சத்தம் பெரிதானது. புயல் ஓய்வதற்குள் எல்லா முட்டையும் பொரித்துவிட்டது. குஞ்சுகள் வெளியே வந்ததும் அம்மா என்று ஜெனரேட்டரைப் பார்த்து ஓடியதில் பட்டம்மாளுக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் எல்லாம் ஓடின.

வழி சரியானதும் ஆதிமூலம் நரி மெக்கானிக்கை வரவழைத்தார். நரி கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டியது. கிடந்து கிடந்து பழசான பெட்ரோல் உள்ளே வெல்லப் பாகாகப் பிசுபிசுத்து, ஓட்டைகளையெல்லாம் அடைத்திருந்தது.

"ஐயா மாதிரி ஒழுங்கானவங்க இருக்கிறதாலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது," என்றது நரி, மனப்பூர்வமாக. பிறகு பட்டம்மாளின் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு முகம் வாடியது. இவ்வளவு சுத்தமாக வடித்து வைத்திருக்கிறார்களே, உங்களுக்கு யார் மெக்கானிக் என்று கேட்டது. பட்டம்மாள் மேல்கிளையைப் பார்த்துவிட்டு, புடவையை எடுத்து ஜெனரேட்டர் மேல் போர்த்தினாள்.

ஆனாலும் விஷயம் பரவி, குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் யானை. குரங்கு செய்த திருட்டுக்கு என்ன தண்டனை என்று பேச்சு வந்தபோது ஆதிமூலம் எழுந்தார். ஊரைவிட்டுத் தள்ளச் சொல்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"பக்கத்து மரத்துல மாசம் தவறாம திருடியிருக்கான்," என்றார் ஆதிமூலம். "என் கொட்டகைப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்தானா? நானும் இதே காட்டுலதானே இருக்கேன்?"

"நீங்க பூட்டி வச்சிருந்தீங்களே ஐயா," என்றான் சிங்காரம்.

யானை நெடுநேரம் யோசித்து, கரடி உடனே பூட்டை எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. கூட்டம் கலையும் முன்பே காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும், எங்கள் வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டு சிங்காரத்தின் பின்னால் வரிசையில் நின்றன.

பட்டம்மாளுக்கு மட்டும் இது சரியென்று படவில்லை. நேர்மையாக இருக்கலாமே என்று தோன்றியது. அவனைக் கூப்பிட்டு, இனிமேல் திருட வேண்டாம், கேட்டே எடுத்துக்கொள் என்றாள்.

சிங்காரம் தலையைச் சொறிந்தான்.

"கேட்டு எடுத்தா, ஞாபகம் வச்சுக்கிற வேலை உங்களுதாயிடும்க்கா. ரெண்டு மாசம் கூப்பிடுவீங்க. குஞ்சுங்க வளர்ந்து ஓட ஆரம்பிச்சா மறந்துடுவீங்க. திருட்டுன்னா நான் மறக்கவே மாட்டேன்."

பட்டம்மாள் காலடியில் மேய்ந்த குஞ்சுகளைப் பார்த்தாள். மாதம் பிறந்ததும் புதுப் பெட்ரோல் ஊற்றி, புடவையைப் போர்த்தினாள். மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், நான் இரை தேடப் போகிறேன், வர நேரமாகும் என்று மேல்கிளைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நீதி: பொருளைக் காக்கப் பூட்டு போதாது, மாதம் தவறாத திருடன் ஒருவன் அமைய வேண்டும்.

(எழுதி முடித்த பிறகு சந்தேகம் வந்து, ஒரு ஜெனரேட்டரின் கையேட்டை வாங்கிப் படித்துப் பார்த்தேன். நெடுநாள் ஓட்டாமல் வைப்பதானால், கார்புரேட்டர் அடியில் இருக்கும் திருகாணியைத் தளர்த்திப் பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. யார் வடிக்க வேண்டும் என்று போடவில்லை.)