பேரிங் பாதுகாப்பு வாரம்

மனித குலம் இரும்பின் மீது காட்டிய அன்பின் உச்சம் எது என்று யாராவது கேட்டால், எங்கள் அட்டைத் தொழிற்சாலை நடத்திய ‘பேரிங் பாதுகாப்பு வார’த்தைத்தான் தயங்காமல் சொல்வேன்.

ஈர அட்டையை உலர்த்த எங்களிடம் சூடான காற்றை ஊதும் ஒரே ஒரு பெரிய புளோயர்தான் உண்டு. அதன் தண்டைத் தாங்குவது ஒரு பேரிங். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள்; நடுவே உருளும் குண்டுகள். அவ்வளவுதான், ஆனால் என்ன அழகு! தாங்க முடியாத பாரம், கோணலாகப் பூட்டிய தண்டு, உள்ளே நுழையும் தூசி, இவையெல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். எங்கள் பேரிங்கை இவை எதுவும் நெருங்கவில்லை. நெருங்கியவர்கள் அதிகாரிகள் மட்டுமே.

ரிப்பன் கட்டிய கிரீஸ் கன்னால் பேரிங்குக்குள் கிரீஸ் அடித்து, பொது மேலாளர் வாரத்தைத் தொடங்கிவைத்தார். கைதட்டல். புகைப்படம். கணக்குப் பிரிவுத் தலைவர் விடுவாரா? “நம்ம பங்குக்கும் கொஞ்சம்” என்று அடித்தார். மறுநாள் விற்பனைப் பிரிவு. அதற்கடுத்து மனிதவளம். கேன்டீன் மேற்பார்வையாளர்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அடித்தார். பயிற்சி அதிகாரியான நான் மட்டும் பின்தங்கலாமா?

வாரம் முடிவதற்குள் புளோயர் அலறியது, புகைந்தது, நின்றது. பேரிங் ‘அமரர்’ ஆகியிருந்தது.

உடனே விசாரணைக் குழு கூடியது. கிரீஸ் அடித்த அனைவரும் அதில் உறுப்பினர்கள். நேரடி அனுபவம் உள்ளவர்கள் அல்லவா! எதிரே புளோயரைப் பராமரிக்கும் ஃபிட்டர் நின்றார். அவர் என் மனைவியின் தம்பி. “அவன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க” என்று மனைவி காலையிலேயே வாழ்த்தி அனுப்பியிருந்தாள்.

நான் எழுந்து விளக்கினேன். “சார், கிரீஸ் அதிகமானா குண்டுங்க அதைக் கடைஞ்சுகிட்டே இருக்கும். சூடு ஏறும். சூட்டுல எண்ணெய் பிரிஞ்சு ஓடிடும். மிச்சம் இருக்கிறது காய்ஞ்ச சக்கைதான். கடைசியில இரும்போட இரும்பு உரசும்.”

பொது மேலாளர் கண்ணை மூடிக் கேட்டார். “அப்போ கிரீஸ் பத்தலைங்கிறீங்க.”

“இல்ல சார், அதிகமானதால பத்தலை.”

“குழப்பாதீங்க. பத்தலை. சரி, கிரீஸ் அடிச்சவங்க எல்லாம் கையைத் தூக்குங்க.”

அறையே கை தூக்கியது. மச்சான் மட்டும் தூக்கவில்லை.

“ஏம்ப்பா, உன் மெஷினு. நீ ஏன் அடிக்கலை?”

“கன் என் கைக்கு எங்க சார் வந்துச்சு? வரிசையில நின்னேன். கேன்டீன் அண்ணன் முந்திட்டாரு.”

“முந்தினவரு கடமையைச் செஞ்சாரு!” என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர். கேன்டீன் அண்ணன் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

“மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க மாமா!” என்றார் மச்சான்.

நான் தொண்டையைக் கனைத்தேன். பொது மேலாளர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி கனைத்தேன். இரண்டு கனைப்பும் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

“பேரிங்கைக் கவனிக்காத ஒரே ஆள் இவர்தான். வேலைநீக்கம். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்றார் பொது மேலாளர்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எனக்கு ஒரு சிரமமும் இல்லை. முதலில் தூக்கிய கையை நான் இன்னும் இறக்கவே இல்லையே!