பழப்புளி வாங்கப் போனவர்

உலகத்தில் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராத ஓர் இனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். அடுப்பு மூட்டியதும் "என்ன குறையுது, சொல்லுங்கோ, நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்று எழும்புகிறவர்கள்.

நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நாலு சிநேகிதர் கூடிச் சமைக்கிற எந்த முற்றத்திலும் ஒருவர் இருப்பார். வெங்காயம் உரிக்கச் சொன்னால் கண் எரிகிறது என்பார், தேங்காய் துருவச் சொன்னால் தோள்மூட்டில் நோ என்பார், விறகு கொத்தச் சொன்னால் கோடரியைக் கையில் எடுத்து அதன் பிடியைப் பற்றி அரைமணி நேரம் கதைப்பார். ஆனால் 'கடை' என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, அவருடைய கை தானாகவே சட்டைப்பைக்குள் போய்ச் சாவியைத் தேடும். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி ஒரு மூலையில் படுத்திருப்பான். தேடினால் அகப்படுவான். இவர் அகப்பட மாட்டார்.

இந்த இனத்தாரிடம் நேரத்தைச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் உண்டு: இந்தா. 'இந்தா வாறன்', 'இந்தா வந்திட்டன்', 'இந்தா சந்தி திரும்பிறன்'. அந்த இந்தா ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், அடுத்த தைப்பொங்கலாகவும் இருக்கலாம்.

எங்களுக்கு வாய்த்தவர் முத்துலிங்கம் அண்ணை. தண்ணீரூற்று என்ற ஊரில் தோட்டம் செய்கிறவர். ஐம்பத்தெட்டு வயது, தங்கமான மனிசன். அவருடைய மனைவி ஞானேஸ்வரி அக்கா எங்கே போவதென்றாலும் தனியாக பஸ்ஸில்தான் வருவா. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவற்ர மோட்டச்சைக்கிளில ஏறினா வெளிக்கிட்டது தெரியும் தம்பி. போய்ச் சேர்ந்தது தெரியாது" என்றா.

போன ஆவணியில் சிலாவத்தையில் கொலின்ஸ் வீட்டில் கூழ் காய்ச்சினோம். கொலின்ஸ் கடற்தொழில் செய்கிறவன். அவன் மனைவி ஆன்சலாவோடு ஒன்றாகப் படித்த பிரியந்தினி, பதினொரு வருடத்துக்குப் பிறகு நோர்வேயிலிருந்து வந்திருந்தாள். மூன்று கிழமையாக உறவுக்காரர் வீடு வீடாகக் கோழிக்கறியும் புட்டும் தின்று களைத்துப்போன பிள்ளை. அன்றைக்கு நாலரை பஸ்ஸில் கொழும்புக்குப் போய் அடுத்த நாள் விமானம் ஏறவேண்டும்.

"எடியே ஆன்சலா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். போறதுக்கு முதல் ஒரு பிளா கூழ் தா" என்று கேட்டிருந்தாள். பிளா என்றால் பனையோலையில் கோலிய குடுவை. அதில் குடிக்காத கூழ் அவளுக்குக் கூழே இல்லை.

கொலின்ஸ் விடியவே நண்டு, இறால், கணவாய், பெரிய மீன்தலை ஒன்று எல்லாம் கொண்டுவந்து போட்டான். நான் மரவள்ளிக் கிழங்கும் பயற்றங்காயும் வெட்டினேன். ஒடியல் மா முத்தண்ணையின் பொறுப்பு. காய்ந்த பனங்கிழங்கை இடித்த அந்த மா இல்லாவிட்டால் கூழ் என்ன கூழ்? மீன் குளித்த தண்ணீர். முத்தண்ணை அதை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்து, பையில் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறங்கினார். ஞானக்கா அரைமணி நேரத்துக்கு முதலே பஸ்ஸில் வந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தா.

பத்து மணிக்குப் பானை கொதித்தது. ஆன்சலா போத்தலைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ, பழப்புளி முடிஞ்..." என்றாள். மிச்ச எழுத்தைச் சொல்லி முடிக்க முதல் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் இரைந்தது.

"இந்தா வாறன்!"

இரண்டு நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் ஒரு கைப்பிடி புளி நீட்டினாள். கொலின்ஸ் போன் எடுத்தான்.

"அண்ணை, புளி கிடைச்சிட்டுது. திரும்பி வாங்கோ."

"ஓம் ஓம், இந்தா வாறன்."

ஆன்சலா கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். "சரி, மாவை எடுங்கோ. ஊறப்போடுவம்."

நான் கொலின்ஸைப் பார்த்தேன். கொலின்ஸ் என்னைப் பார்த்தான். ஞானக்கா இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னா: "பை மோட்டச்சைக்கிள் கொழுக்கியில தொங்கினது. இறக்கினவரோ?"

இறக்கவில்லை.

பதினொன்றுக்குப் போன் எடுத்து, மாப் பை அவரோடு போய்விட்டது என்றோம். "சந்தியில நிக்கிறன், இந்தா வந்திட்டன்" என்றார். அவருக்குப் பின்னால் தவிலும் நாதஸ்வரமும் முழங்கின. சந்தியில் எங்கே தவில்? "வற்றாப்பளை அம்மன் கோயில்" என்றாள் ஆன்சலா. சரிதான். கடை வாசலில் நேசமலர் ரீச்சர் பசளைப் பையோடு நின்றாவாம், வயதுபோன மனிசி, வீட்டில் இறக்கிவிடப் போனாராம். இறக்கிவிட்ட இடத்தில் ரீச்சரின் தண்ணி மோட்டர் வேலை செய்யவில்லையாம். அதை விட்டுவிட்டு வர முடியுமா? நீங்கள் என்றால் வந்திருப்பீர்கள். அதனால்தான் உங்களை ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

பன்னிரண்டரைக்கு எடுத்தோம். "பாலத்தடியில நிக்கிறன்." பின்னால் கோயில் மணி, சீன வெடி, ஒலிபெருக்கியில் மாதா பாட்டு. மோட்டர் திருத்துகிறவன் கொக்கிளாய்ப் பெருநாளுக்குப் போயிருக்கிறான், அவனைத் தேடிப் போயிருக்கிறார். சிலாவத்தையைத் தாண்டித்தான் கொக்கிளாய்க்குப் போகவேண்டும். அப்படியென்றால் எங்கள் ஒடியல் மா எங்கள் ஒழுங்கை வாசலால் போயிருக்கிறது!

"பாலத்தடியில நிண்டா ஏன் அண்ணை வெடிச் சத்தம்?" என்று கேட்டான் கொலின்ஸ்.

"அது தூரத்தில கேக்குது" என்றார் முத்தண்ணை. இன்னொரு வெடி காதுக்குள் வெடித்தது.

பிரியந்தினி சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் தொற்றியது. பிறகு அது விளையாட்டாகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு, பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்து இடத்தைச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு நண்டுக்கால். ஆட்டுச் சத்தம் வந்தது. உழவு இயந்திரம் வந்தது. ஒருமுறை யாரோ "முத்தண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று கேட்ட குரலும் வந்தது. ஞானக்கா ஆறு நண்டுக்கால் வென்றா. முப்பத்திரண்டு வருட அனுபவம்.

இரண்டு மணிக்கு ஆன்சலா பொறுமையை விட்டாள். பானைக்குள் கிடந்த மரவள்ளியை அகப்பையால் மசித்து, அரிசிமாக் கரைத்து ஊற்றி, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் போட்டு, "இதுக்கு என்ன பேர் வேணுமெண்டாலும் வையுங்கோ, குடியுங்கோ" என்றாள். பிரியந்தினி மூன்று பிளா குடித்தாள். மூன்றாவதில் மறுபடியும் போன் அடித்து "இந்தா" என்று கேட்டதும் அவளுக்குப் புரைக்கேறி, மூக்கால் உறைப்பு வந்து, கண்ணால் தண்ணீர் ஓடி, "பதினொரு வருசமா எனக்கு இப்பிடிப் புரைக்கேறேல்லையடி" என்று ஆன்சலாவின் தோளில் சாய்ந்தாள்.

நாலு மணிக்கு அழுகையும் சிரிப்புமாகப் பஸ்ஸுக்குப் போனாள்.

நாலு நாற்பதுக்கு முத்தண்ணை வந்தார். சட்டை முழுக்க எண்ணெய். ஒரு பக்கம் வாழைக்குலை, மறுபக்கம் காலில் கட்டிய உயிர்க்கோழி. எல்லாம் நன்றியுள்ள சனம் கொடுத்தது. கொழுக்கியில் மாப் பை, கட்டு அவிழாமல்.

"இந்தா மா! பிள்ளை எங்க?"

"போயிட்டாள் அண்ணை" என்றாள் ஆன்சலா.

அவர் வெறும் பிளாக்களைப் பார்த்தார். கதிரை நுனியில் இருந்தார். "அந்தப் பிள்ளை வேற ஒண்டும் கேக்கேல்லையே" என்றார் மெதுவாக. நாள் முழுக்க அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த எங்களில் ஒருவருக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. ஞானக்காகூட எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா.

திடீரென்று மனிசன் எழும்பினார். கோழியை இறக்கி என் கையில் தந்தார். மோட்டார் சைக்கிள் இரைந்தது. இந்தமுறை இந்தா என்று சொல்லவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பிரியந்தினியின் போன் வந்தது. அவளால் கதைக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. முள்ளியவளையில் பஸ் ஆள் ஏற்ற நின்றபோது யாரோ பஸ்ஸின் பக்கத்தில் படார் படாரென்று அடித்திருக்கிறார்கள். பார்த்தால் ஹெல்மெட்டோடு முத்தண்ணை. யன்னலால் மாப் பையைத் திணித்து, "பிள்ளை, கோவியாதை, அங்க கொண்டுபோய்க் காய்ச்சிக் குடி" என்றாராம். ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியிருந்ததாம்.

"அவரிட்டை சொல்லு, கோவமில்லையெண்டு!" என்று கத்தினாள் ஆன்சலா.

"நீயே சொல்லு. பக்கத்தில இருக்கிறார்."

"எங்க பக்கத்தில?"

போன் கை மாறியது. "ஆன்சலாப் பிள்ளை, மாவை எப்பிடி ஊறப்போட்டுக் கைப்பெடுக்கிறதெண்டு சொல்லிக்குடுக்கத்தான் ஏறினனான். அதுக்குள்ள பஸ்ஸை எடுத்திட்டாங்கள்."

"இப்ப எங்க அண்ணை?"

"ஒட்டுசுட்டான் தாண்டீட்டம். ஒண்டுக்கும் யோசியாதை, இந்தா, இறங்கி வாறன்."

"மாங்குளத்திலதான் ஐயா இனி நிப்பாட்டுவம்" என்று நடத்துநரின் குரல் கேட்டது.

ஞானக்கா போனை வாங்கினா. ஒரு மூச்சு விட்டா. "இஞ்சருங்கோ, வரேக்க ஒண்டும் வாங்கவேண்டாம். விளங்குதோ? ஒண்டுமே."

முள்ளியவளையிலிருந்து மோட்டார் சைக்கிளை கொலின்ஸ் எடுத்துவந்தான். முத்தண்ணை மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு கிழமை கழித்து நோர்வேயிலிருந்து ஒரு படம் வந்தது: மேசையில் பெரிய சட்டி, சுற்றிவர எட்டுப் பேர், நடுவில் பிரியந்தினி, மூக்குச் சிவந்து.

நீங்கள் இந்த இனமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிறவர் நீங்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். இதை வாசிக்கத் தொடங்கியபோது உங்கள் வீட்டு அடுப்படிக்குள்ளிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?