பால் டீச்சரை உடனே நிறுத்தக் கோரி

அன்பிலும் கோபத்திலும் குறைவில்லாத அக்காவுக்கு, தற்சமயம் உன் மகள் வீட்டின் முழுப் பொறுப்பையும் தாங்கி நிற்கும் உன் ஒரே தம்பி எழுதிக்கொண்டது. இங்கே என் சுகத்துக்குக் குறையில்லை. மற்றவர்கள் சுகத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். உன் கால் மாவுக்கட்டை எப்போது பிரிப்பார்கள்?

நீ படுத்த இடத்திலிருந்தே போன் போட்டு, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தரும் நிபுணர் என்று ஒரு அம்மாவை அனுப்பினாயே, நான் 'பால் டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறேன், அவரை நிறுத்தச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பேத்தி பிறந்து பதினோரு நாள். பிறந்த எடையில் முந்நூறு கிராம் குறைந்து நிற்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் மகள் அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். இந்த நேரத்தில் பால் டீச்சர் ஒரு பையோடு வருகிறார். அதற்குள் புனல் மாதிரி இரண்டு, ஒரு குழாய், குட்டி மோட்டார். பாலைக் கறந்து பாட்டிலில் பிடிக்குமாம். பைக்குப் பூட்டு வேறு! நல்ல எண்ணத்தோடு வருகிற ஆளுக்குப் பூட்டு எதற்கு?

எடை விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியுமா? லாரி எடைமேடையில் பத்தொன்பது வருஷம் இருந்தவன். டயர் சத்தத்தை வைத்தே டன் சொல்வேன். அமைச்சரே வந்து கை குலுக்கினார். அமைச்சர் இல்லையென்றால் அவருடைய டிரைவர். டீச்சர், குழந்தையைப் பால் குடிக்கும் முன் ஒருமுறை, குடித்த பின் ஒருமுறை எடை போடுகிறார். கூடுகிற கிராம்தான் வயிற்றுக்குள் போன பாலாம். முறை நியாயம்தான். நேற்று குழந்தை குடித்து முடித்ததும் டீச்சர் கை கழுவப் போனார். பார்த்தால் இடுப்புத்துணி சொதசொதவென்று நனைந்திருக்கிறது. பச்சைப்பிள்ளையை ஈரத்தோடு தராசில் ஏற்றுவேனா? மாற்றிவிட்டேன். எடை போட்டால், குடிக்கும் முன் இருந்ததைவிட முப்பது கிராம் குறைவு! விடுவேனா?

"டீச்சர், உங்க மெஷின் குழந்தைகிட்ட இருந்தே பால உறிஞ்சுதா?"

"ஐயா, நடுவுல துணிய மாத்தினீங்களா?"

"அது வேற விஷயம். பேச்ச மாத்தாதீங்க."

"மாமா!" என்று உன் மகள் கத்தினாள். "ஈரத்துணிய கழட்டிட்டா எடை குறையாம என்ன செய்யும்? லாரியில பாதி சரக்க இறக்கிட்டு எடை போடுவீங்களா?"

பார், மருந்து வைத்த மாதிரி அந்த அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். அதனால் இன்று காலை மோட்டார் ஓடும்போது கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம், "வந்துச்சா? எவ்வளவு வந்துச்சு?" என்று தைரியமும் கொடுத்தேன். பாட்டிலின் அடி நனைந்ததோடு சரி. டீச்சர் கதவைத் திறந்தார்.

"ஐயா, பதட்டமா இருந்தா பால் இறங்காது. கொஞ்சம் வீட்டுக்கு வெளிய போய் உக்காருங்க."

"எனக்கு என்ன பதட்டம்?"

"உங்களுக்கு இல்ல. அவங்களுக்கு. உங்களால."

உன் மருமகன் இருக்கிறானே, வாயே திறக்காத பிள்ளை, ஓடிப்போய் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தான். சதி எவ்வளவு ஆழமாகப் போகிறது பார். சாட்சியை வெளியே தள்ளிவிட்டு உள்ளே என்ன நடக்கிறதோ! எதிர்ச்சாரியில் பஸ் நிற்கும் இடத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மூன்று பஸ் போய்விட்டது. அந்த அம்மாவா, நானா என்று நீ இன்றே முடிவு செய்.

உன் கால் சீக்கிரம் தரையில் ஊன்ற வேண்டும் என்று வேண்டி, உன்னை வணங்கும்,
தம்பி,
தலைமை எடையாளர் (உதவி), ஓய்வு.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உன் மகள் ஜன்னலைத் திறந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "மாமா! அறுபது கிராம் குடிச்சிருக்கா!" என்று கத்தினாள். பதினோரு நாளில் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. இங்கே பஸ் அதிகம். டீச்சரை நிறுத்தாதே. இன்னும் ஒரு வாரம் வரச் சொல். என்னை உள்ளே வரலாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அடுத்த பால் மூன்று மணிக்கு. அது முடியும்வரை நான் இந்த பெஞ்சிலேயே இருந்துகொள்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.