அடக்க ராகத்தில் ஒரு கிறிஸ்துமஸ்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் அப்பாக்கள் அளக்கிற அளப்புக்கெல்லாம், என்றாவது ஒரு நாள் மகள்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. என் அப்பா அளந்தது ஆர்மோனியத்தில். "பிள்ளை பெட்டி பிரமாதமா வாசிப்பா" என்று பாளையங்கோட்டையில் அவர் சொன்னதை, நான் ரயிலில் வந்து இறங்கும் முன்பே என் மாமியார் செகந்திராபாத் முழுக்கப் பரப்பியிருந்தார்.

எனக்குத் தெரிந்ததோ ஒரே ராகம். அடக்க ஆராதனை ராகம். ஊரில் துக்க வீடுகளில் மட்டும்தான் என்னைப் பெட்டியில் உட்கார விடுவார்கள். (பிழை விட்டாலும் சம்பந்தப்பட்டவர் எழுந்து கேட்கமாட்டார் அல்லவா!)

எழுபதுகளில் புகுந்த வீட்டில் எனக்கு அது முதல் கிறிஸ்துமஸ். பண்டிகைக்கு மறுநாள் காலை எங்கள் தமிழ்ச் சபையில் நன்றி ஆராதனை. ஒவ்வொரு குடும்பமும் எழுந்து, அந்த வருடம் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லி, ஒரு பாட்டும் கேட்கும். அன்று பார்த்து, வழக்கமாக வாசிப்பவருக்குப் பொன்னுக்கு வீங்கி. போதகர் கையைப் பிசைந்துகொண்டிருக்க, மாமியார் எழுந்தார்.

"ஏன் கவலைப்படுதிய ஐயா? எம் மருமக இருக்காள்லா!"

காலால் மிதிக்கிற பெட்டி. போய் உட்கார்ந்து மிதியைத் தேடினேன்.

முதலில் எழுந்தவர், மகன் பரீட்சையில் தேறியதற்கு நன்றி சொல்லித் துள்ளலான ஒரு பாட்டைக் கேட்டார். அடியளவு ஒத்துப்போனால் எந்தப் பாட்டையும் எந்த ராகத்திலும் பாடிவிடலாம் என்பது எங்கள் சபை வழக்கம். அந்தத் தைரியத்தில் தெரிந்ததை மிதித்தேன். சபை இழுத்து இழுத்துப் பாடியது. தேறிய பையன் தலையைத் தொங்கப் போட்டான். முன் வரிசையில் அசந்திருந்த ஒரு பெரியம்மா விழித்து, "யாரு போயிட்டா?" என்று உரக்கக் கேட்டார்.

அடுத்து சைனிக்புரியில் குடியிருந்த பட்டாளத்து ஹவில்தார் ஒருவர், பேத்தி பிறந்ததற்கு நன்றி சொன்னார். அதே ராகம். பேத்தி வீரிட்டாள். மாமியார் முகத்தைப் பார்த்தேன். அடுத்த ரயிலில் என்னைப் பாளையங்கோட்டைக்கு ஏற்றிவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போது என் கணவர் மூலையில் கிடந்த டோலக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சனத்நகர் தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில் கவாலிப் பாட்டுக்குத் தட்டிப் பழகிய கை.

"பயம் நக்கோ, பயப்படாதே. அதையேதான் வாசி. ஆனா ஓடு!"

"ஓடவா?"

"ஹவ், ஆமா! பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி."

மிதித்தேன் பாருங்கள்! டோலக் முன்னால் ஓட, பெட்டி பின்னால் துரத்த, யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும். ஹவில்தார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். அதற்குப் பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதே ராகம்தான், அதே ஓட்டம்தான். உயிரோடு இருப்பவர்களுக்கு நான் முதன்முதலாக வாசித்தது அன்றுதான். அத்தனை சந்தோஷம் எனக்கு. பெட்டியை விட்டு எழ மனமே வரவில்லை.

கடைசியில் எங்கள் குடும்பத்தின் முறை. மாமியார் எழுந்து தொண்டையைச் செருமினார். "எஞ் சம்பந்தி சொன்ன பொய்க்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

சபை "ஆமென்" என்று அதிர்ந்தது.

அதிலிருந்து எங்கள் சபையில் அந்த ராகத்தை அடக்கத்துக்கு வாசிக்க முடிவதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் காலால் தாளம் போடுகிறார்கள். மாமியாரோ தனக்கு அதுதான் வேண்டும், வேகமாகவே வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டார். அவர் போனபோது அழுதுகொண்டே அப்படியே வாசித்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே யாரோ, "உள்ளே யாருக்குக் கல்யாணம்?" என்று விசாரித்தார்களாம்.